விமானப் புகை: எடையா, எண்ணிக்கையா?

ஒரு நகரத்தின் காற்றுக் கெடுவதற்கு யார் யார் எவ்வளவு காரணம் என்று கணக்கெடுக்கும்போது, விமான நிலையத்தின் பங்கு பெரும்பாலும் மிகச் சிறியதாகவே வரும். லாரிகள், பேருந்துகள், தொழிற்சாலைகள், அனல் மின் நிலையங்கள் ஆகியவை பட்டியலின் மேல் வரிசைகளை நிரப்பிவிட, விமானங்கள் கடைசி வரிசையில் ஒதுங்கி நிற்கும். இந்தப் பட்டியலைக் காட்டி, விமான நிலையத்தால் நகரக் காற்றுக்குக் குறிப்பிடத்தக்க கேடு இல்லை என்று முடிவு கட்டுவதும் வழக்கமாக இருந்து வருகிறது.

இந்த முடிவு சரிதானா? கணக்கெடுத்தவர்கள் கூட்டலில் தவறு செய்தார்கள் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் எதைக் கூட்டினார்கள், எதை விட்டார்கள், எந்த எல்லைக்குள் நின்றுகொண்டு கூட்டினார்கள் என்று கேட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. அவ்வாறு கேட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதற்கு அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தை எடுத்துக்கொள்வோம். காற்றுத் தூய்மைக்கேட்டைப் பற்றி உலகம் கற்றுக்கொண்ட பாடங்களுள் பலவும் இந்நகரிலிருந்து வந்தவையே. மோட்டார் வாகனப் புகை வெயிலில் வேதிமாற்றம் அடைந்து நச்சுப் புகைமூட்டமாகிறது என்பதை 1950களின் தொடக்கத்தில் ஹாகன்-ஸ்மிட் என்ற வேதியியலார் கண்டறிந்தது இங்கேதான். இந்நகரின் பெரிய விமான நிலையம் பசிபிக் கடலின் கரையோரம் அமைந்துள்ளது. பகலில் கடற்காற்று மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி வீசுகிறது. நிலையத்துக்குக் கிழக்கே மக்கள் நெருங்கி வாழும் லெனாக்ஸ், இங்கிள்வுட் முதலிய பகுதிகள் இருக்கின்றன. விமானங்கள் பெரும்பாலும் கடலை நோக்கி மேலெழும். கிழக்கிலிருந்து, குடியிருப்புகளின் மேலாகத் தாழ்ந்து வந்து இறங்கும். இந்த அமைப்பை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வருவதைப் புரிந்துகொள்ள இது உதவும்.

எஞ்சினுக்குள் நடப்பது என்ன?

ஜெட் விமானம் எரிப்பது மண்ணெண்ணெய் வகையைச் சேர்ந்த எரிபொருளாகும். எஞ்சின் எவ்வளவு விசையுடன் இயங்குகிறது என்பதைப் பொறுத்து அது வெளிவிடும் பொருள்கள் மாறுபடுகின்றன.

விமானம் தரையில் மெல்ல ஊர்ந்து செல்லும்போது எஞ்சின் மிகக் குறைந்த விசையில் இயங்குகிறது. அப்போது எரியறையின் வெப்பமும் அழுத்தமும் குறைவு. எரிபொருள் முழுமையாக எரிவதில்லை. ஆகவே கார்பன் மோனாக்சைடும், எரியாது எஞ்சிய ஹைட்ரோகார்பன்களும் மிகுதியாக வெளிவருகின்றன. விமானம் மேலெழும்போதோ நிலைமை தலைகீழாகிறது. எரியறை கடும் வெப்பம் அடைகிறது. எரிபொருள் நன்றாக எரிகிறது. ஆனால் அந்த வெப்பத்தில் காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் கூடி நைட்ரஜன் ஆக்சைடுகளை உண்டாக்குகின்றன. புகைக்கரியும் வெளிப்படுகிறது.

இவற்றோடு கந்தகமும் உண்டு. எரிபொருளில் உள்ள கந்தகம் எரிந்து கந்தக டை ஆக்சைடு ஆகிறது. அதில் ஒரு சிறு பகுதி மேலும் ஆக்சிஜனேற்றம் அடைந்து, நீராவியுடன் சேர்ந்து, கந்தக அமில ஆவியாகிறது. எஞ்சினை விட்டு வெளியேறிய சூடான வாயு குளிரும்போது இந்த ஆவி உறைந்து, எண்ணற்ற நுண்துளிகளாக மாறுகிறது. எஞ்சினின் மசகெண்ணெய் ஆவியும் இதுபோலவே நுண்துகள்களாகிறது என்பதை ஜெர்மனியில் பிராங்பர்ட் விமான நிலையத்தை ஒட்டி நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. இந்த நுண்துகள்கள் எஞ்சினுக்குள் இருக்கும்போது துகள்களே அல்ல, வெறும் ஆவி. வெளியே வந்து குளிர்ந்த பின்னரே துகளாகப் பிறக்கின்றன. இக்கட்டுரையில் நாம் தொடர்ந்து சந்திக்கப் போவது இவற்றைத்தான்.

கண்ணுக்குத் தெரிந்த புகை

1960களில் பறந்த ஜெட் விமானங்கள் கரும்புகையை நீளமாக விட்டுச் சென்றன. மக்கள் அதைக் கண்டார்கள்; முறையிட்டார்கள். அமெரிக்க அரசு 1973இல் விமான எஞ்சின்களுக்குப் புகை வரம்பு விதித்தது. பன்னாட்டுச் சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 1981இல் உலகம் முழுவதற்குமான விதிகளை வகுத்தது. புகையை அளக்க ஓர் எளிய முறையைக் கையாண்டார்கள். எஞ்சின் விடும் வாயுவை ஒரு வெள்ளை வடிதாளின் வழியே செலுத்துவது. தாள் எவ்வளவு கறுத்தது என்று பார்த்து எண் கொடுப்பது. இதற்குப் 'புகை எண்' என்று பெயர்.

புகை எண்ணால் நன்மை விளைந்தது என்பதை மறுக்கக் கூடாது. எரியறைகள் திருத்தி அமைக்கப்பட்டன. வானில் கறுப்புக்கோடு மறைந்தது. ஆனால் தாளைக் கறுக்கச் செய்வது புகைக்கரி மட்டுமே. கந்தக அமிலத் துளிக்கு நிறமில்லை. தாளில் அது கறையை விடுவதில்லை. ஆகவே கண்ணுக்குத் தெரிந்தது குறைந்தபோது, தெரியாததும் குறைந்துவிட்டது என்று எண்ணிக்கொள்ள இடம் ஏற்பட்டது.

அதே அமைப்பு பின்னர் புகை எண்ணோடு நின்றுவிடவில்லை. புகைக்கரி போன்ற ஆவியாகாத் துகள்களின் எடைக்கு 2016இல் விதி உருவாக்கி 2020 முதல் நடைமுறைப்படுத்தியது. புதிதாக வடிவமைக்கப்படும் எஞ்சின்களுக்கு 2023 முதல் அத்துகள்களின் எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு. இது பாராட்டத்தக்க முன்னேற்றம். எனினும் 'ஆவியாகாத்' என்ற சொல்லைக் கவனியுங்கள். வெளியே வந்து குளிர்ந்தபின் பிறக்கும் கந்தக அமிலத் துகளும் எண்ணெய்த் துகளும் இந்த வரம்புக்குள் வருவதில்லை.

தெருத்தெருவாக எண்ணிய ஆய்வு

இந்தப் பின்னணியில் 2014ஆம் ஆண்டு ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியாயிற்று. தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தையும் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தையும் சேர்ந்தவர்கள் அதை எழுதினார்கள். அவர்கள் கையாண்ட முறை சிக்கலானதன்று. அளவுக் கருவிகள் பொருத்திய வண்டியில் ஏறி, விமான நிலையத்துக்குக் கிழக்கேயுள்ள தெருக்களில் காற்றின் திசைக்குக் குறுக்காகப் போய்வந்தார்கள். செல்லும் வழியெல்லாம் காற்றில் ஒரு கன சென்டிமீட்டரில் எத்தனை துகள்கள் உள்ளன என்று எண்ணினார்கள்.

கண்ணுக்குப் புலப்படாத துகளை எண்ணுவது எப்படி என்று நீங்கள் கேட்கலாம். துகள்கள் உள்ள காற்றை ஆல்கஹால் ஆவியினூடே செலுத்திக் குளிரச் செய்தால், ஒவ்வொரு துகளின் மேலும் ஆவி படிந்து, அது பெரிய துளியாக வளர்கிறது. வளர்ந்த துளிகளை ஒளிக்கற்றையின் குறுக்கே ஒவ்வொன்றாகச் செலுத்தி எண்ணிவிடலாம். ஸ்காட்லாந்து நாட்டு அறிஞர் ஜான் எய்ட்கன் 1880களின் இறுதியில் நீராவியைக் கொண்டு தூசுகளை எண்ணிய அதே தத்துவம்தான் இது.

அவர்கள் கண்டது என்ன? நிலையத்திலிருந்து காற்று செல்லும் பக்கத்தில் 8 முதல் 10 கிலோமீட்டர் தொலைவு வரை துகள்களின் எண்ணிக்கை இயல்பு நிலையைப்போல் 4 முதல் 5 மடங்காக இருந்தது. 16 கிலோமீட்டர் வரை, ஏறத்தாழ 60 சதுர கிலோமீட்டர் பரப்பில், குறைந்தது இருமடங்காக இருந்தது. 8 கிலோமீட்டர் தொலைவிலும் கன சென்டிமீட்டருக்கு 75,000க்கு மேற்பட்ட துகள்கள் இருந்த இடங்கள் உண்டு. லாஸ் ஏஞ்சலஸ் நகரின் பெருஞ்சாலைகளின் மீதே சராசரியாக அவ்வளவு இருப்பதில்லை.

நாம் சாதாரணமாக ஒரு மூச்சில் சுமார் அரை லிட்டர் காற்றை உள்ளிழுக்கிறோம். அரை லிட்டர் என்பது 500 கன சென்டிமீட்டர். அப்படியானால் அங்கே ஒரு மூச்சுக்கு 3 கோடியே 75 லட்சம் துகள்கள் உள்ளே போகின்றன.

இவை சாலை வாகனங்களிலிருந்து வந்தவை அல்ல என்பதற்கு என்ன சான்று? துகள்கள் மிகுந்திருந்த இடங்கள் விமானங்கள் இறங்கும் பாதைக்கு நேராக அமைந்திருந்தன. எப்போதாவது காற்று வடக்கிலிருந்து வீசிய நாள்களில் அந்தப் பகுதி அப்படியே நிலையத்துக்குத் தெற்கே நகர்ந்துவிட்டது. மற்றொரு சான்றும் உண்டு. இதே நகரின் பெருஞ்சாலைகளை ஒட்டி 2002இல் வெளியான ஆய்வுகளின்படி, பகலில் சாலையிலிருந்து 300 மீட்டர் தள்ளிப் போனால் நுண்துகள்களின் எண்ணிக்கை இயல்பு நிலைக்கு இறங்கிவிடுகிறது. சாலையின் நிழல் 300 மீட்டர். விமான நிலையத்தின் நிழல் 16 கிலோமீட்டர்.

தராசுக்கு ஏன் தெரியவில்லை?

இவ்வளவு பெரிய விளைவு நகரின் காற்று மாசுக் கணக்குகளில் ஏன் தென்படவில்லை? இதற்கு விடை காண ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பள்ளி மாணவர்களும் இதைச் செய்யலாம்.

காற்றிலுள்ள துகள்களை அரசுகள் எடையால் அளக்கின்றன. விட்டம் 2.5 மைக்ரானுக்கு மேற்படாத துகள்கள் ஒரு கன மீட்டர் காற்றில் எத்தனை மைக்ரோகிராம் உள்ளன என்பதே அளவு. இதைத்தான் பி.எம். 2.5 என்கிறோம். விமானத்தின் நுண்துகளோ 20 நானோமீட்டர் அளவினது. அதாவது 2.5 மைக்ரானில் 125இல் ஒரு பங்கு விட்டம். கோளத்தின் கன அளவு விட்டத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும் என்பது நீங்கள் அறிந்ததே. 125ஐ மும்முறை பெருக்கினால் 19,53,125 வருகிறது. ஆகவே 2.5 மைக்ரான் துகள் ஒன்றின் எடைக்கு ஈடு செய்ய 20 நானோமீட்டர் துகள்கள் 19½ லட்சம் வேண்டும்.

இனி, கன சென்டிமீட்டருக்கு 75,000 துகள்களின் எடையைக் காண்போம். துகளின் அடர்த்தியை நீரின் அடர்த்தி என்று வைத்துக்கொண்டால், ஒரு கன மீட்டர் காற்றில் உள்ள அத்தனை துகள்களும் சேர்ந்து 0.3 மைக்ரோகிராம்தான் இருக்கும்! உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் பி.எம். 2.5க்கு வகுத்த ஆண்டுச் சராசரி வழிகாட்டு அளவு 5 மைக்ரோகிராம். அதில் இது 16இல் ஒரு பங்கு. நம் நாட்டின் 2009ஆம் ஆண்டுத் தர அளவு 40 மைக்ரோகிராம். அதில் 130இல் ஒரு பங்குதான்.

ஆகவே தராசு பொய் சொல்லவில்லை. யானைகளை நிறுக்கும் தராசில் எறும்புக் கூட்டத்தை ஏற்றினால் முள் அசையாது. அதைக் கண்டு எறும்பே இல்லை என்று சொன்னால் அந்தத் தவறு முடிவு செய்தவருடையது. பட்டியலில் விமான நிலையம் கடைசி வரிசையில் நிற்பதற்கு முதற்காரணம் இதுவே.

எடை குறைந்தால் கேடும் குறையாதா என்று கேட்கலாம். 20 நானோமீட்டர் அளவுள்ள துகள்கள் மூக்கிலும் தொண்டையிலும் தடைபடாமல் நுரையீரலின் காற்று நுண்ணறைகள் வரை சென்று படியும் வாய்ப்பு மிகுதி. நுண்துகள்கள் அங்கிருந்து இரத்தத்தில் கலக்கவும் கூடும். ஆகவே எடையை மட்டும் பார்த்து அவற்றைத் தள்ளிவிட முடியாது.

வேலியும் 3,000 அடியும்

பட்டியலின் இரண்டாவது குறை அதன் எல்லையைப் பற்றியது. விமான நிலையப் புகையைக் கணக்கிடுவதற்குப் பன்னாட்டு அமைப்பு ஒரு நிலையான சுற்றை வகுத்திருக்கிறது. 3,000 அடி உயரத்துக்குக் கீழே விமானம் செய்வதெல்லாம் அதில் அடக்கம். மேலெழுவதற்கு 0.7 நிமிடம் முழு விசை. உயரே ஏறுவதற்கு 2.2 நிமிடம் 85 விழுக்காட்டு விசை. தாழ்ந்து வருவதற்கு 4 நிமிடம் 30 விழுக்காடு. தரையில் ஊர்வதற்கும் காத்திருப்பதற்கும் 26 நிமிடம் 7 விழுக்காடு. ஆக மொத்தம் 32.9 நிமிடம்.

இதில் 3,000 அடி என்பதை மட்டும் எடுத்துக்கொள்வோம். இறங்கும் விமானம் தரையோடு சுமார் 3 பாகைக் கோணத்தில் தாழ்ந்து வருகிறது. ஒரு கிலோமீட்டர் தொலைவுக்கு 52 மீட்டர் இறக்கம். 3,000 அடி என்பது 915 மீட்டர். அப்படியானால் விமானம் அந்த உயரத்தில் இருக்கும்போது ஓடுபாதையிலிருந்து எவ்வளவு தொலைவில் இருக்கும்? ஏறத்தாழ 17½ கிலோமீட்டர்! லாஸ் ஏஞ்சலஸ் ஆய்வில் துகள்கள் மிகுந்திருந்த 16 கிலோமீட்டர் முழுவதும் இந்த எல்லைக்கு உள்ளேயே அடங்கிவிடுகிறது.

அதாவது, கணக்கேட்டின்படியே விமான நிலையம் 17 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கிறது. ஆனால் கணக்கின் விடை வந்தவுடன், புகை முழுவதும் வேலிக்குள்ளேயே பிறந்து அங்கேயே கரைந்து போவதுபோலப் பேசுகிறோம். நீள வாக்கில் குடியிருப்புகளின் மேல் தெளிக்கப்படுவதை ஓரிடத்தில் கொட்டியதாகக் கருதி, பின்பு நகரம் முழுவதற்கும் வகுத்து, சிறு விழுக்காடாக்கிக் காட்டுகிறோம். நகரத்தின் சராசரி மனிதனுக்கு அந்த விழுக்காடு பொருந்தலாம். இறங்கு பாதைக்குக் கீழே வீடு வைத்திருப்பவருக்குப் பொருந்தாது.

நிலையான சுற்றின் 26 நிமிடமும் கேள்விக்கு உரியதே. அது எஞ்சின்களை ஒப்பிடுவதற்கு வகுத்த நேரம். உண்மையில் நெருக்கடி மிகுந்த நாளில் விமானங்கள் அதற்கு மேலும் காத்திருக்கும். இந்தக் காத்திருப்பின் விளைவை இரு பொருளியல் அறிஞர்கள் நுட்பமாக ஆராய்ந்து 2016இல் வெளியிட்டனர். அமெரிக்காவின் கிழக்குப் பகுதி விமான நிலையங்களில் நேரும் தாமதம், நாட்டின் மறுகோடியில் உள்ள கலிபோர்னியாவின் 12 பெரிய விமான நிலையங்களிலும் நெரிசலை உண்டாக்குகிறது. கிழக்கே நேரும் தாமதத்துக்கும் கலிபோர்னியாவின் சாலை நெரிசலுக்கும் தொடர்பில்லை. ஆகவே அத்தகைய நாள்களில் விமான நிலையத்தை ஒட்டிக் கார்பன் மோனாக்சைடு கூடினால் அதற்குக் காரணம் காத்திருக்கும் விமானங்கள்தாம். மாசு ஒரு திட்ட விலக்க அளவு கூடிய நாளில், நிலையங்களிலிருந்து 10 கிலோமீட்டருக்குள் வாழும் 60 லட்சம் மக்களுக்கு இதய, சுவாச நோய்களுக்கான மருத்துவமனைச் செலவு 5,40,000 டாலர் மிகுதியானதாக அவர்கள் கணக்கிட்டனர். சிறு விழுக்காடு என்று ஒதுக்கப்பட்டது மருத்துவமனைக் கணக்கில் தெரியத்தான் செய்கிறது.

ஆய்வையும் சோதிப்போம்

பட்டியலைக் குறை கூறுவதோடு நின்றால் நம் திறனாய்வு ஒருபக்கச் சார்புடையதாகிவிடும். 2014ஆம் ஆண்டு ஆய்வையும் அதே கண்ணால் பார்க்க வேண்டும்.

அந்த ஆய்வில் எல்லோரையும் கவர்ந்த செய்தி ஒன்று உண்டு. விமான நிலையத்தின் விளைவுக்கு ஈடான விளைவை உண்டாக்க 280 முதல் 790 கிலோமீட்டர் நீளமான பெருஞ்சாலை வேண்டும் என்பதே அது. நகரின் பெருஞ்சாலைகளின் மொத்த நீளம் 1,500 கிலோமீட்டர். இதைப் படிப்பவர், ஒரு விமான நிலையம் நகரத்து மோட்டார் வாகனங்களில் பாதிக்குச் சமம் என்று எண்ணிக்கொள்ளக் கூடும். அது தவறு. முதலாவதாக, 280க்கும் 790க்கும் இடையே ஏறத்தாழ மூன்று மடங்கு இடைவெளி இருக்கிறது. இது துல்லியமான அளவன்று, மதிப்பீடு. இரண்டாவதாக, இந்த ஒப்பீடு துகள்களின் எண்ணிக்கைக்கு மட்டுமே உரியது. கார்பன் மோனாக்சைடுக்கோ நைட்ரஜன் ஆக்சைடுகளுக்கோ இதைப் பொருத்திப் பேச முடியாது.

மூன்றாவதாக, வண்டியில் சென்று எடுத்த அளவுகள் அவ்வப்போதைய அளவுகள். ஒரே வீட்டில் 24 மணி நேரமும் ஆண்டு முழுவதும் எவ்வளவு என்பதை அவை சொல்லா. ஒரு கன சென்டிமீட்டரில் ஒரு மணி நேரச் சராசரி 20,000 துகள்களுக்கு மேற்பட்டால், அல்லது 24 மணி நேரச் சராசரி 10,000க்கு மேற்பட்டால், அதை 'மிகுதி' எனக் கொள்ளலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் கூறியது. 75,000 என்ற கணநேர அளவை இந்தச் சராசரிகளோடு நேரடியாக ஒப்பிட்டு, நான்கு மடங்கு, ஏழு மடங்கு என்று முழங்குவது முறையாகாது. அந்நிறுவனமும் நுண்துகள்களுக்குக் கட்டாய வரம்பு எதையும் வகுக்கவில்லை. அதற்குப் போதிய சான்று இன்னும் திரளவில்லை என்றே கருதியது.

ஆனால் இந்தக் குறைகள் ஆய்வின் அடிப்படைச் செய்தியை அசைக்கவில்லை. சியாட்டில் நகரின் விமான நிலையத்தைச் சுற்றி வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் நடத்தி 2021இல் வெளியிட்ட ஆய்வு அதை மேலும் உறுதி செய்தது. சாலை வாகனத் துகள்கள் பருத்தவை. அவற்றோடு கரி மிகுந்திருக்கிறது. விமானத் துகள்கள் 20 நானோமீட்டருக்கும் சிறியவை. அவற்றோடு கரி குறைவு. இருவரின் கைரேகையும் வெவ்வேறு. இதனால் ஒருவர் செய்ததை மற்றவர் மேல் சுமத்த வழியில்லாமல் போயிற்று.

உடல்நலத்தைப் பற்றிய சான்றும் வரத் தொடங்கியிருக்கிறது. லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையத்திலிருந்து 15 கிலோமீட்டருக்குள் வாழ்ந்த தாய்மார்களுக்கு 2008 முதல் 2016 வரை நிகழ்ந்த 1,74,186 பிரசவங்களை ஆராய்ந்து 2020இல் ஒரு கட்டுரை வெளியிடப்பட்டது. விமான நுண்துகள் மிகக் கூடுதலாக இருந்த கால்பகுதியில் வாழ்ந்த தாய்மார்களுக்குக் குறைமாதப் பிரசவம் நேரும் சாத்தியம், மிகக் குறைவாக இருந்த கால்பகுதியை விட 14 விழுக்காடு மிகுந்திருந்தது. சாலைப் புகையையும் விமான இரைச்சலையும் கணக்கில் கொண்ட பிறகும் இந்த வேறுபாடு நீங்கவில்லை. இத்தகைய ஆய்வு தொடர்பைக் காட்டும். அதுவே காரணம் என்று அறுதியிட்டுச் சொல்லாது. எனினும் குறைமாதத்தில் பிறக்கும் குழந்தையைப் பற்றிய செய்தி என்பதால், முழுச் சான்று கிடைக்கும் வரை அளக்காமலே இருப்போம் என்று கூறுவதை ஏற்க முடியாது.

என்ன செய்யலாம்?

முதலில் கந்தகத்தைக் குறைக்கலாம். நம் நாட்டில் 2020 ஏப்ரல் முதல் சாலை வாகன டீசலிலும் பெட்ரோலிலும் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் கந்தகம் இருக்கக் கூடாது. உலகெங்கும் வழங்கும் ஜெட் ஏ-1 எரிபொருளிலோ பத்து லட்சத்தில் 3,000 பங்கு வரை அனுமதி உண்டு. நடைமுறையில் விற்கப்படும் எரிபொருளில் சில நூறு பங்குகளே இருக்கும் என்பது உண்மை. அதுவும் டீசலைப்போல் பல பத்து மடங்காகும். டீசலிலிருந்து கந்தகத்தை நீக்கும் அதே முறையால் மண்ணெண்ணெயிலிருந்தும் நீக்கலாம். செலவு ஆகும், ஆனால் செய்ய முடியாத காரியம் அன்று. தாவர எண்ணெய், கழிவு எண்ணெய் முதலியவற்றிலிருந்து தயாரிக்கும் புதிய விமான எரிபொருள்களில் கந்தகம் ஏறக்குறைய இல்லை என்பதும் அவற்றுக்குச் சாதகமான ஒரு செய்தி.

அடுத்து, தரையில் நிற்கும்போது எஞ்சினை வீணே ஓட்டாமல் இருக்கலாம். ஊர்ந்து செல்ல ஓர் எஞ்சின் போதுமானபோது மற்றதை நிறுத்தி வைக்கலாம். நிற்கும் விமானத்துக்கு விளக்கும் குளிர்காற்றும் வேண்டுமானால் நிலையத்து மின்சாரத்தைக் கொடுக்கலாம். நெரிசலைக் குறைத்தாலே புகையும் குறையும் என்பதைக் கலிபோர்னிய ஆய்வு நமக்குக் காட்டியது.

எல்லாவற்றுக்கும் முன்னால் எண்ணத் தொடங்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் திருத்திய காற்றுத் தர விதிகளில், நுண்துகள்கள் மிகுந்திருக்கக் கூடிய இடங்களில் அவற்றின் எண்ணிக்கையை அளக்க வேண்டும் என்று சேர்த்தது. விமான நிலையங்களும் அத்தகைய இடங்களே. நம் நாட்டின் 2009ஆம் ஆண்டுத் தர அளவுகளில் 12 மாசுகள் இடம்பெற்றன. துகள்களின் எண்ணிக்கை அவற்றுள் ஒன்றன்று. ஒரு நகரில் விமான நிலையத்துக்குக் காற்று செல்லும் பக்கத்தில், இறங்கு பாதைக்குக் கீழே, எண்ணும் கருவி ஒன்றை ஓராண்டுக் காலம் வைத்துப் பார்த்தால் போதும். நம் ஊர்களின் நிலை என்ன என்பது விளங்கிவிடும். லாஸ் ஏஞ்சலஸின் எண்களை அப்படியே நம் நகரங்களுக்குப் பொருத்திவிடக் கூடாது. காற்று வேறு, எரிபொருள் வேறு, விமானங்களின் எண்ணிக்கையும் வேறு.

வாசகர்களே, மாசுக்கு யார் எவ்வளவு காரணம் என்று சொல்லும் பட்டியல்கள் செய்தித்தாள்களில் அடிக்கடி வரும். விமான நிலையத்துக்கு மட்டுமன்று, துறைமுகத்துக்கும் செங்கல் சூளைக்கும் அவ்வாறே வரும். அவற்றைக் காணும்போது விழுக்காட்டை மட்டும் பார்த்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். அளந்தது எடையா, எண்ணிக்கையா? எல்லைக்கோட்டை எங்கே போட்டார்கள்? நகரம் முழுவதற்கும் வகுத்தார்களா, அல்லது அந்தக் காற்றைச் சுவாசிப்பவர்களுக்கு வகுத்தார்களா? இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை தராத பட்டியலை வைத்துக்கொண்டு, கேடு உண்டென்றோ இல்லையென்றோ யாரும் தீர்ப்புக் கூற முடியாது.